கம்பெனி பைப்புத் தண்ணீர்

அம்மா புதுச்சேரியில் பிறந்தார் என்பதற்கு ஒரு காகிதம் தேவைப்பட்டது. எண்பத்து மூன்று வயதில் அது எதற்கு என்று கேட்காதீர்கள், பெரிய கதை. நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன். ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், ஒரே வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வீட்டில் சும்மா உட்கார்ந்து மனைவியின் வாயில் விழுவதற்கு இது எவ்வளவோ மேல் என்று பட்டது.

என் பழைய வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். பழைய குப்பைமேடுகளை மூடி மண் போட்ட பிறகு, அவற்றைச் சுற்றிலும் தரைக்குள் குழாய்கள் இறக்கி வைப்பார்கள். உள்ளே புதைத்த விஷம் நிலத்தடி நீரில் கசிகிறதா என்று வேவு பார்க்கத்தான் அந்தக் குழாய்கள். அவற்றிலிருந்து தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, எண் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இருபத்து நான்கு வருடம் அதைத்தான் செய்தேன். “இவர் தண்ணி பிடிக்கிறவர்” என்றுதான் மனைவி என்னை அறிமுகப்படுத்துவாள். என்ன முடிவு வந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். நாங்களும் கேட்டதில்லை.

முதல் நாளே பஸ் காலை வாரியது. சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த வண்டி, புதுச்சேரி எட்டிப் பார்க்கும் தூரத்தில், பிள்ளைச்சாவடியில் பெல்ட் அறுந்து நின்றது. “பத்து நிமிஷம் சார்” என்றார் கண்டக்டர். அந்தப் பத்து நிமிஷம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. மற்றவர்கள் செல்போனில் மூழ்கினார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கம் நடந்தேன்.

கரை முழுக்கப் பாறாங்கல்லாகக் கொட்டியிருந்தார்கள். ஒரு வீட்டின் பாதிச் சுவர் கடலைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் செல்போனை எடுத்ததும் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்த அம்மாள் கேட்டார்: “என்னா சார், மீன் வேணுமா, போட்டோ வேணுமா? போட்டோதான்னா நவுந்து நில்லு, அடுப்புக்குக் காத்து வரல.” மீன் வேண்டும் என்றேன். எங்கள் ஊர்க் கோப்பிக் கடையில் ஒரு தட்டு நெத்திலி இவ்வளவு சூடாக யாரும் தரமாட்டார்கள். நாக்கு வெந்துபோனது. இன்னொரு தட்டு வாங்கினேன்.

தங்கியது நெல்லித்தோப்பில், செல்வி வீட்டில். என் சித்தி மகள் கோமதி. அவளுடைய ஒரே மகள் செல்வி. மாடியில் இரண்டு அறை வாடகை வீடு. கணவன் குமார் எப்போது பார்த்தாலும் ஷிப்டில் இருப்பான், அல்லது தூங்கிக்கொண்டிருப்பான். செல்வி ஐந்து மாதக் கர்ப்பிணி. துணிக்கடை வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள்.

“போன வருஷம் ஒண்ணு நாலாம் மாசத்துல கலைஞ்சிடுச்சு மாமா. அதான் இந்தத் தடவ நின்னுட்டேன்” என்று சொல்லிவிட்டு, சாம்பார் கொதிக்கிறதா என்று பார்க்கப் போனாள். நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். சமையலறை மூலையில் நீல நிறக் கேன்கள் இரண்டு இருந்தன. கடைக் கேன் தண்ணீர் என்று நினைத்தேன்.

“இல்ல மாமா, அம்மா தண்ணி. எங்க ஊர்த் தண்ணி. இந்த டவுன் தண்ணி எனக்கு ஒப்பல, கரிக்குது. அம்மா வாரத்துக்கு ரெண்டு தடவ பஸ்ல எடுத்தாந்து தந்துட்டுப் போவும்.”

மூன்று டம்ளர் குடித்தேன். நல்ல தண்ணீர் என்று பாராட்டவும் செய்தேன்.

மறுநாள் பதிவு அலுவலகம். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளை இங்கே பெரியவர்கள் இன்னும் ‘எத்தா சிவில்’ என்றுதான் சொல்கிறார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். பேத்திக்குப் பிரான்சில் ஏதோ காகிதமாம். “பொறுமை வேணும் முசியே. நான் மூணாவது தடவ வரேன்” என்றார். எங்கள் ஊரில் வரிசை என்றால் எண் சீட்டு, திரை, மணியோசை. இங்கே வரிசை என்பது யாருக்கு யாரைத் தெரியும் என்பதைப் பொறுத்து வளைந்து வளைந்து போனது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் நல்லவர். தேடிப் பார்க்க வேண்டும், வியாழக்கிழமை வாருங்கள் என்றார். இரண்டு நாள் என்ன செய்வது? கடற்கரை வரை நடந்தேன், திரும்பி நடந்தேன், மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடுக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் மேல் முட்டிக்கொண்டேன். பரோட்டா தின்றேன். மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் செய்ய ஒன்றுமில்லை.

அதனால்தான் புதன்கிழமை கோமதியின் ஊருக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். தவளக்குப்பத்தில் இறங்கி உள்ளே போக வேண்டும். ஷேர் ஆட்டோவில் என்னோடு ஏழு பேர், இரண்டு மூட்டை கேழ்வரகு மாவு, ஒரு ஒலிபெருக்கி. ஆடி மாதம், வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்களாம். பாதி வழியில் ஆட்டோக்காரர் ஒலிபெருக்கியை இறக்கத் தனியாக ஒரு கிலோமீட்டர் சுற்றினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மட்டும்தான் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

கோமதிக்கு ஐம்பது வயது. நிற்கும்போதும் ஏதாவது துடைத்துக்கொண்டிருப்பாள். சும்மா இருக்கத் தெரியாததில் என் தங்கைதான். அவள் கணவர் ஏழுமலைக்குக் கொஞ்சம் நிலம், கொஞ்சம் கட்டட வேலை. முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு என்று இலை நிறைய வைத்தார்கள். இந்த வருடக் கூழ் கோமதியின் பொறுப்பு. செல்விக்காக வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

“இந்தப் புள்ளயாவது தங்கணும்ணா. தெருவுக்கே நானே கூழ் ஊத்துறேன்னு அம்மன்கிட்ட சொல்லிட்டேன்” என்றாள்.

சாப்பிட்டதும் கை கழுவப் பின்பக்கம் கூட்டிப்போனாள். அங்கேதான் அதைப் பார்த்தேன். தரைக்கு மேலே இடுப்பு உயரத்துக்கு இரும்புக் குழாய். மஞ்சள் பெயின்ட் பாதி உரிந்திருந்தது. மேல் மூடியில் பற்றவைத்த எழுத்தும் எண்ணும். பூட்டு மாட்டும் வளையம். அதற்குள் ஒரு கறுப்பு ஹோஸை இறக்கி, பக்கத்தில் கம்ப்ரசர் வைத்திருந்தார்கள். தண்ணீர் டிரம்மில் கொட்டிக்கொண்டிருந்தது.

சொந்தப் பிள்ளையின் முகத்தை அடையாளம் காண எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் புல் முளைத்த பெரிய மேடு. இயற்கையான மேடு அவ்வளவு ஒழுங்காக இருக்காது. மேலே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

“அது என்ன மேடு?”

“அதுவா, கம்பெனி பள்ளம். அந்தக் காலத்துல செம்மண் எடுத்த பள்ளம்ணா. அப்புறம் ஏதோ மருந்துக் கம்பெனிக்காரன் டிரம் டிரம்மா கொண்டாந்து கொட்டுவான். நெடி தாங்காது. சண்ட போட்டு நிறுத்தியாச்சு. கவர்மெண்டு வந்து ஷீட்டு விரிச்சி, மண்ணு போட்டு மூடிட்டாங்க. இப்ப ஒரு தொந்தரவும் கெடயாது.”

“இந்தப் பைப்பு?”

“மூடறப்ப போட்டுக் குடுத்த போரு. சுத்தி மூணு இருக்குது, இதுலதான் தண்ணி நல்லா வரும். சும்மாவே கெடந்துது. மச்சான்தான் கம்ப்ரசர் வெச்சாரு. தெருவே இதுலதான் புடிக்குது. கூழுக்கும் இந்தத் தண்ணிதான்.”

ஏழுமலை பெருமையோடு தலையாட்டினார். அந்தக் குழாயில் முதலில் இருந்த பூட்டை ஆட்டுப்பட்டிக்குப் போட்டிருப்பதாகவும், நல்ல கம்பெனிப் பூட்டு என்றும் சொன்னார்.

கோபமா பயமா தெரியவில்லை. கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். இது குடிக்கப் போட்ட போர் இல்லை, பள்ளத்தில் இருக்கும் விஷம் கசிகிறதா என்று பார்க்கப் போட்ட குழாய், இந்த ஊரிலேயே குடிக்கக் கூடாத தண்ணீர் ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று படபடவென்று கொட்டினேன். உடனே செல்விக்குப் போன் போட்டு, அந்தக் கேன் தண்ணீரைத் தொடாதே என்றேன். “ஏன் மாமா, அம்மாகூட சண்டையா?” என்று கேட்டாள்.

கோமதி பொறுமையாக என்னைப் பார்த்தாள். வெயிலில் வந்த அண்ணனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முகத்தில் எழுதியிருந்தது.

“அண்ணா, இது செக் பண்ற தண்ணிண்ணா. ஆறு மாசத்துக்கு ஒரு வாட்டி அந்தோணின்னு ஒரு தம்பி டவுன்லேர்ந்து வரும். பாட்டில்ல புடிச்சிக்கினு போவும். எல்லாம் நல்லா இருக்குதுன்னுதான் ரிப்போர்ட் வருதாம், அதுவே சொல்லிச்சு. டவுன்ல எந்தத் தண்ணிய இப்படி வருஷத்துக்கு ரெண்டு தடவ செக் பண்றாங்க, சொல்லு பாப்போம். அதனாலதான் நான் செல்விக்குக் கடைத் தண்ணி வாங்கக் கூடாதுன்னு இதையே தூக்கிக்கினு போறேன்.”

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, எல்லாம் சுத்தம். அப்படியானால் பள்ளம் கசியவில்லை. ஷீட்டு ஒழுங்காக விரித்திருக்கிறார்கள். இருந்தாலும் இதைக் குடிக்கக் கூடாது, இன்று சுத்தமாக இருப்பது நாளைக்கு இருக்காது என்று ஒப்புக்குச் சொன்னேன். உள்ளுக்குள் பெரிய பாரம் இறங்கியிருந்தது. முகம் தெரியாத அந்த அந்தோணிக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். நம்ம ஜாதி. தண்ணி பிடிக்கிற ஜாதி. கோமதி கொடுத்த மோரைக்கூட வாங்கிக் குடித்தேன். அது எந்தத் தண்ணீரில் கலந்தது என்று யோசித்தபோது டம்ளர் காலியாகியிருந்தது.

வியாழக்கிழமை பதிவு அலுவலகத்தில் பத்தே நிமிடத்தில் காகிதம் கிடைத்துவிட்டது. அம்மாவின் பெயர், தாத்தாவின் பெயர், தொழில், தெரு எல்லாம் சாய்ந்த அழகான கையெழுத்தில் இருந்தன. அந்த அம்மாளுக்கு நன்றி சொல்லி, ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு நெல்லித்தோப்புக்குத் திரும்பினேன். கோமதி வந்திருந்தாள். தவளக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு கேன் தண்ணீரோடு. நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சண்டை போடத் தெம்பில்லை. தொழில் பேசலாம் என்று தொடங்கினேன். எங்கள் ஊரில் குழாயைத் திறந்ததும் வருகிற தண்ணீரை எடுக்க மாட்டோம், வெகுநேரம் ஓடவிட்டு, பிறகு வருவதைத்தான் எடுப்போம், பாட்டிலில் காற்றுக்குமிழி ஒன்று இருக்கக் கூடாது, வேறொருவர் கையை அதில் படவிட மாட்டோம் என்று பீற்றிக்கொண்டேன். “உங்க அந்தோணி எவ்வளவு நேரம் ஓடவிடுவார்?”

“அந்தத் தம்பி எங்க ஓட விடுது? வேகாத வெயில்ல வண்டியில வரும், பாவம். நீ நெழல்ல குந்து தம்பின்னு சொல்லிட்டு பாட்டில நானே வாங்கிக்குவேன்.”

“நீயே கம்ப்ரசர் போட்டுப் பிடித்துக் கொடுப்பாயா?”

“அதெப்படி அதைக் குடுப்பேன்? போட்ட ஒடனே அது மஞ்சளா வரும்ணா. மழக்காலத்துல லேசா நெடி வேற அடிக்கும். ஓட ஓடத்தான் தெளியும். வெளியூர் ஆளுக்குப் போயி அதக் குடுத்தா நம்ம ஊரப் பத்தி என்னா நெனப்பாங்க? போர மூடிப்புட்டா என்னா பண்றது? டீக்கடையில கேன் தண்ணி வாங்கி வெச்சிருப்பேன். பாட்டில நல்லா கழுவி, அத ரொப்பிக் குடுத்துடுவேன். அதான் ஒவ்வொரு தடவையும் நல்ல ரிப்போர்ட்டு.”

பெருமையாகத்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்தவருக்குக் கிழிசல் இல்லாத பாயைத் தேடி விரிப்பவளின் பெருமை.

இத்தனை வருடமாக டீக்கடைக் கேன் தண்ணீரைப் பரிசோதனை செய்து, பள்ளம் சுத்தம் என்று யாரோ எங்கோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவளைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஒரு மழை நாள் நினைவுக்கு வந்தது. சேற்றில் கடைசிக் குழாய்வரை நடக்கச் சோம்பல்பட்டு, ஒரே குழாயிலிருந்து இரண்டு பாட்டில் நிரப்பி, வேறு வேறு எண் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். ஒரே ஒரு முறைதான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கடைசிக் குழாய்க்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நான் அன்று யோசிக்கவே இல்லை.

அதனால் திட்டவில்லை. மெதுவாகச் சொன்னேன். “கோமதி, நல்ல தண்ணியை அவருக்குக் கொடுத்தனுப்பிவிட்டு மஞ்சளாக வரும் பைப்புத் தண்ணியை நீங்கள் குடித்திருக்கிறீர்கள். உன் தண்ணியை இதுவரை யாரும் பரிசோதிக்கவில்லை. ஒருதடவைகூட இல்லை.”

சமையலறை வாசலில் செல்வி நின்றிருந்தாள். கையில் டம்ளர். அதை அப்படியே தரையில் வைத்தாள்.

“அம்மா, போன வருஷமும் இதத்தான் எடுத்தாந்து குடுத்த” என்றாள். கோபம் இல்லை. ஞாபகப்படுத்துவது போலத்தான் சொன்னாள்.

கோமதி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை காய்ந்துதான் இருந்தது. பிறகு என்னிடம் கேட்டாள். “அப்ப நான்தானாண்ணா?”

தெரியாது என்றேன். கரு கலைய ஆயிரம் காரணம் இருக்கலாம், அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, இருபத்து நான்கு வருடத்தில் ஒரு முடிவைக்கூட நான் பார்த்ததில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவளுக்கு வேண்டியிருந்தது இல்லை என்ற ஒரு வார்த்தை. அதை என்னால் சொல்ல முடியவில்லை.

கோமதி கேன் இரண்டையும் குளியலறையில் கவிழ்த்தாள். பிறகு அந்தோணிக்குப் போன் போட்டாள். “தம்பி, தண்ணி புடிக்கணும், வரியா? இல்ல, மொற வரலதான். நீ வாயேன்.” நாளை மத்தியானம் அந்தப் பக்கம் வேலை இருக்கிறது, வருகிறேன் என்று அவர் சொன்னதாகச் சொன்னாள். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, கூழ்மாவை இன்று சாயங்காலமே அதே தண்ணீரில் காய்ச்சிவிடுவார்கள் என்றாள். நிறுத்து என்றேன். “எல்லாருகிட்டயும் எப்படிண்ணா சொல்லுவேன்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நான் எத்தனை தடவை மாடி ஏறி இறங்கினேன் என்று செல்வியைக் கேட்டால் சொல்வாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆட்டோ பிடித்தேன். தவளக்குப்பத்துக்கு முன்னால் பெட்ரோல் தீர்ந்துபோய், டிரைவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பங்க்கைத் தேடிப் போய்விட்டார். மீதித் தூரத்தை நடந்தும், கீரைக்கட்டு ஏற்றிய ஒரு மொபெட்டின் பின்னால் உட்கார்ந்தும் போய்ச் சேர்ந்தேன்.

கோயில் முன்னால் கொப்பரை நிறையக் கூழ். முந்தின நாள் காய்ச்சிப் புளிக்க வைத்ததைக் கரைத்து, மோரும் வெங்காயமும் போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். பெண்கள் சொம்பும் தூக்குமாக வரிசையில் நின்றார்கள். இந்த வரிசை ஒழுங்காக இருந்தது. பிள்ளைகள் முன்னால். கோமதி கொப்பரைக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்றாள். கண் வீங்கியிருந்தது. சொல்லவில்லை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது.

பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு, “ஊத்தும்மா” என்றார். முதலில் நின்ற சின்னப் பெண் தூக்கை நீட்டினாள். கோமதி அகப்பையைக் கூழில் விட்டாள். எடுத்தாள். நான் ஓடிப்போய்ப் பிடுங்கலாமா என்று ஒரு காலை எடுத்து வைத்துவிட்டேன். அவள் அகப்பையைக் கொப்பரைக்குள்ளேயே விட்டுவிட்டு, ஒலிபெருக்கிக்காரரிடம் போய் மைக்கை வாங்கினாள்.

“யாரும் குடிக்காதீங்க” என்றாள். பாட்டு நின்றது. பைப்பு எதற்குப் போட்டது என்று சொன்னாள். டீக்கடைக் கேன் தண்ணீரை ரொப்பிக் கொடுத்ததைச் சொன்னாள். செல்வியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். “நல்ல பேரு வரணும்னு பண்ணிட்டேன்” என்று முடித்தாள்.

சத்தம் எழும்பியது. “அம்மனுக்குப் படைச்சத கொட்டச் சொல்றியா?” என்று ஒருவர். “வெளிநாட்டுலேர்ந்து ஒருத்தன் வந்து ஏதோ சொன்னான்னு...” என்று இன்னொருவர் என்னைப் பார்த்தார். ஏழுமலை, “உனக்கு ஏன்டி இந்த வேல, வா வூட்டுக்கு” என்று கையைப் பிடித்தார். அவள் நகரவில்லை.

வரிசையின் நடுவிலிருந்து தனம் என்ற பக்கத்து வீட்டுப் பெண், காலிச் சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள். “கோமதி ஊருக்குப் போயிருந்தப்ப ரெண்டு தடவ நானும் குடுத்தேன். நானும் கேன் தண்ணிதான் குடுத்தேன்.” அதற்குப் பிறகு பூசாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மேற்குப் பக்கத்துப் பைப்புக்குத் தானும் ஒருதரம் அப்படித்தான் செய்ததாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அதன் பிறகு யாரும் கோமதியிடம் சண்டைக்கு வரவும் இல்லை.

கொப்பரையை நான்கு பேர் தூக்கிக் கொண்டுபோய்க் கவிழ்த்தார்கள். கோமதி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வீடு மாவு கேட்டு வாங்கினார்கள். டீக்கடையிலும் மளிகைக் கடையிலும் இருந்த கேன்கள் எல்லாம் வந்தன. புதிதாகக் காய்ச்சினார்கள். புளிப்பே இல்லாத அவசரக் கூழ். உச்சி வெயிலில் ஊற்றினாள். சுடச்சுட வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசிக் கேனின் கடைசிச் சொட்டுவரை கொப்பரைக்குள் போயிருந்தது.

அந்தோணி இரண்டு மணிக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். பைக்கின் பின்னால் ஐஸ் பெட்டி, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. இவ்வளவு கூட்டத்தைப் பார்த்து மிரண்டு போனார். கோமதி அவரிடமும் சொன்னாள், எதையும் விடாமல். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். “நானே புடிச்சிருக்கணும்க்கா. என் மேலதான் தப்பு” என்றார். கான்ட்ராக்ட் வேலை, ஒரே நாளில் ஐந்து ஊர் போக வேண்டும் என்று என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார். முடிவு வந்தால் ஆபீசுக்குத்தான் போகும், தன்னிடம் சொல்ல மாட்டார்கள் என்றார். தெரியும் என்றேன்.

கம்ப்ரசரைப் போட்டார். மஞ்சளாக வந்தது. தெருவே சுற்றி நின்று பார்த்தது. தினமும் பார்த்த மஞ்சள்தான், ஆனால் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு பிள்ளையைப் பின்னால் இழுத்தாள். வெகுநேரம் ஓடவிட்டார். தெளிந்த பிறகு, யார் கையும் படாமல், குமிழி இல்லாமல், விளிம்புவரை நிரப்பி மூடினார். நானாக இருந்தாலும் அவ்வளவு சுத்தமாகப் பிடித்திருக்க மாட்டேன். எண்ணை எழுதி, பெட்டியில் வைத்து, நெற்றி வேர்வையை வழித்துப் போட்டுவிட்டு மூச்சு வாங்கினார்.

“அக்கா, நாக்கு வறண்டுபோச்சு. குடிக்க ஒரு சொம்பு தண்ணி குடுங்க” என்றார்.

கம்ப்ரசரை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. டிரம் நிறைந்து, வழிந்து, கண்ணாடி போன்ற தண்ணீர் எங்கள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. கோமதி கையில் சொம்பு இருந்தது. பழக்கத்தில் டிரம் பக்கம் ஓரடி எடுத்து வைத்து, நின்றாள். தெருப் பெண்களைப் பார்த்தாள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

“தண்ணி இல்ல தம்பி” என்றாள்.